அப்பா விழுந்த நாட்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தின் தொடக்கத்தை நான் பார்த்ததில்லை. முடிவையும் பார்த்ததில்லை, போன தை மாதம் வரைக்கும். பெயர்கூடத் தெரியாது. எங்கள் வீட்டில் அதை நுரைப்படம் என்றுதான் சொல்லுவோம். என் வயதுக்காரர்களுக்கு இது ஒன்றும் புதினமாக இருக்காது. அந்த நாளில் லண்டனில் நாங்கள் எல்லோரும் பாதிப் படங்களைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்? வீடியோக்கடையில் எடுத்துவந்த கசெற்றில் தமிழ்ப்படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் திரையில் புள்ளி புள்ளியாய் மழை பெய்யும். அதற்குப் பிறகு யாரோ எப்போதோ பதிந்துவிட்டு மறந்துபோன ஏதோ ஒன்று ஓடத் தொடங்கும். குதிரை ஓட்டம், காலநிலை, முகம் தெரியாத ஒரு பிள்ளையின் பிறந்தநாள். எங்கள் கசெற்றில் வந்தது நுரைப்படம். வீடியோக்கடை அண்ணை அந்தக் கசெற்றைத் திருப்பிக் கேட்க மறந்துபோனார். நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

எங்கள் பலகாரக்கடை லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில், ரயில் பாலத்துக்குக் கிட்ட, செருப்புத் திருத்துகிற கடைக்கும் தலைமயிர் வெட்டுகிற கடைக்கும் நடுவில் நெருக்குப்பட்டுக்கொண்டு நின்றது. முன்பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் றோல்ஸ், பற்றிஸ், கடலை வடை. பின்பக்கம் குசினி. குசினியில் ஆளுயர ஃப்ரிட்ஜும் தாழ்வான பெரிய ஃப்ரீஸரும் இருந்தன. ஃப்ரீஸருக்கு மேலே டிவி, டிவிக்கு மேலே கசெற் போடுகிற டெக். மாடியில் இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, நான். எண்பதுகளின் நடுப்பகுதி, எனக்கு ஒன்பது வயது.

அப்பா ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். முத்திரை குத்தத் தெரியும், மா குழைக்கத் தெரியாது. கைப்பக்குவம் முழுக்க அம்மாவுடையது. எங்கள் ஆட்கள் பிறந்தநாளுக்கோ பெண்பிள்ளை பெரிதான சாமத்தியவீட்டுக்கோ ஓடர் தந்தால் அந்தக் கிழமை கடை நிமிரும். தராவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதை நாங்களே மூன்று வேளையும் சாப்பிடுவோம். இன்றைக்கும் எனக்கு றோல்ஸ் என்றால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும், தின்னத் தோன்றாது.

கதவுக்கு மேலே ஒரு பித்தளை மணி இருந்தது. அது எங்கள் கடைக் கதவிலா, படத்தில் வந்த கடையின் கதவிலா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஒரு பூனை சாக்கில் படுத்திருந்ததே, அது? யன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து, அதில் யாரோ விரலால் ஒரு முகம் கீறி, அந்த முகம் மெல்ல மெல்ல அழுது வடிந்ததே, அது? இரண்டு கடைகளும் என் தலைக்குள் எப்போதோ ஒன்றாகக் கலந்துவிட்டன. பிரித்தெடுக்க நானும் பெரிதாகப் பாடுபடவில்லை.

படம் கறுப்பு வெள்ளை. தெரு மூலையில் ஒரு சின்னச் சலவைக்கடை. முதலாளி ஒரு குண்டர், கோபக்காரர். அவரிடம் வேலை செய்கிறவர் மெலிந்து நெடுத்த ஒருவர்; எதைப் பார்த்தாலும் இப்போதுதான் நித்திரையால் எழும்பினவர் மாதிரி முழிப்பார். எதிர்ப்பக்கத்தில் பெரிய மெஷின்களோடு ஒரு புதுக்கடை வந்துவிட்டதால் இவர்களிடம் ஆள் வருவதில்லை. வருகிற ஒன்றிரண்டு பேருடைய உடுப்பையும் இவர்கள் நாசம் பண்ணிவிடுவார்கள். பாதிரியாரின் நீள அங்கி சுருங்கிக் குழந்தைச் சட்டையாகும். வெளுத்த துணிகளைத் தலைக்குமேல் அடுக்கிக்கொண்டு மெலிந்தவர் சைக்கிளில் போவார், நேரே கரிக்கடைக்குள் போய் விழுவார். கடைசியில் ஒரு நாள் சவர்க்காரத் தூளைப் பெட்டியோடு கொட்டிவிடுவார். நுரை பொங்கும். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், படியிறங்கும், சத்தமே இல்லாமல் தெருவை மூடும். ஒரு பொலிஸ்காரர் அதற்குள் நடந்து போவார். பிறகு தொப்பி மட்டும் மிதந்து வரும். அப்போது ஒரு கார் வந்து நிற்கும். கடையை மூடச் சொல்லுகிற கடுதாசியோடு ஒரு கனவான் இறங்கி, ஒரு காலை நுரைக்குள் வைப்பார். டக். கசெற் முடிந்துவிடும்.

கடை தப்பியதா, இல்லையா? அப்பாவிடம் கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு முடிவு சொல்லுவார். கடைக்கு வந்து இதைப் பார்த்த பெரியவர்கள் சிலருக்குக் கடையைப் பற்றிக் கவலையே இல்லை. ஒரு வெள்ளைக்காரன் ஊராருடைய ஊத்தை உடுப்பைத் தோய்க்கிறானே என்பதுதான் அவர்களுக்குப் பெரிய அதிசயம். எங்கள் ஊரில் யார் யாருடைய வாசலோடு நிற்க வேண்டும் என்கிற கணக்கையெல்லாம் பெட்டிக்குள் வைத்து லண்டன் வரைக்கும் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அப்பா கேட்டும் கேளாதது மாதிரித் தேத்தண்ணி ஊற்றுவார்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் சிரிப்பு ஒரு பெரிய சிரிப்பு. மெல்லத் தொடங்காது. அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி ஒரேயடியாக வரும். ஆருடையதோ கலியாணவீட்டில், பந்தியில் இருந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுத்தான் யாருடைய மகள் என்று அப்பா விசாரித்தாராம். ஃபாரஸ்ட் கேட்டில் அம்மா சிரித்தால் பக்கத்துக் கடையின் செருப்புக்காரக் கிழவர் தன் சுத்தியலால் சுவரில் இரண்டு தரம் தட்டுவார். சத்தம் போடாதே என்று தட்டுகிறார் என்று அம்மா முதலில் பயந்தார். அப்பா போய்க் கேட்டுவிட்டு வந்தார். கிழவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. எனக்கும் கேட்டது, நல்லது, என்று சொல்லுகிற தட்டாம் அது.

அந்த மார்கழியில் ஊரிலிருந்து ஒரு நீலக் கடுதாசி வந்தது. அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, பேக்கரியில் பாண் வாங்கச் சந்திக்குச் சைக்கிளில் போனவர், திரும்பி வரவில்லை. இராணுவச் சுற்றிவளைப்பு நடந்ததாம். சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை. மாமாவுக்கு இருபது வயது. தாய் இல்லாத பிள்ளை. தோளில் போட்டு வளர்த்தது அம்மாதான்.

அம்மா அழுதிருந்தால் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அழவில்லை. கடுதாசியை மடித்துச் சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். றோல்ஸ் சுற்றினார், முட்டையில் தோய்த்தார், பாண் தூளில் புரட்டினார், அடுக்கினார். கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் அவருடைய முகத்தில் ஆள் இல்லை. நான் பாவி, ஒன்பது வயதில் ஒரு கணக்குப் போட்டேன். அம்மாவின் சிரிப்பும் மாமாவும் ஒரே நாளில்தானே காணாமல் போனார்கள்? அப்படியென்றால் ஒன்று வந்தால் மற்றதும் வந்துவிடும். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்று நினைத்தேன்.

பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற காலம். பள்ளிக்கூடத்தால் வந்ததும் நான் டெக்கின் பொத்தானை அமத்துவேன். எண்ணெய் ஆறுகிற மணம், யன்னலில் ஆவி, திரையில் நுரை. அப்பாவும் நானும் வயிறு நோகச் சிரிப்போம். வீடியோக்கடை அண்ணை வந்தால் அவரும் சிரிப்பார். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்ப்போம். அம்மா கைவேலையை நிறுத்தாமல் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், செய்தி பார்க்கிறவர் மாதிரி. ஒரே ஒரு தரம், மெலிந்தவர் கரிக்குள் விழுந்தபோது, அவ்வளவு வெள்ளைத் துணியும் வீணாய்ப் போச்சே என்றார்.

முதல் விழுகை தற்செயல். அதை நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். மாசி மாதம், வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஃப்ரிட்ஜுக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசியும். அப்பா ஒரு பெரிய தட்டு நிறையப் பாண் தூளோடு வந்தார், கால் வழுக்கியது. தட்டு மேலே போனது, அப்பா கீழே போனார். தூள் உடனே விழவில்லை; அது ஒரு நிமிடம் முழுக்க விழுந்துகொண்டிருந்தது என்றுதான் எனக்கு ஞாபகம். மாவு மேசையில், ரேடியோவில், அப்பாவின் புருவத்தில். பனி உள்ளுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பா இருந்த இடத்திலிருந்து முழித்தார். அந்த முழி அச்சொட்டாய்ப் படத்து மெலிந்தவரின் முழி.

அம்மா சிரித்தார்.

முதலில் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். பிறகு அந்தப் பழைய பெரிய சிரிப்பு, கண்ணால் தண்ணீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் சுவரில் இரண்டு தட்டுக் கேட்டது. நான் கடைக் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடினேன். அப்பாவுக்கு உதவாமல் இதென்ன ஓட்டம் என்று பிறகு கேட்டார்கள். மாமா வருகிறாரா என்று பார்க்கத்தான் ஓடினேன். தெரு முழுக்க வெள்ளையாய், ஒருவரும் இல்லாமல் கிடந்தது.

மூன்றாம் நாள் அம்மா மறுபடியும் முகத்தில் ஆள் இல்லாதவராகிவிட்டார். அன்று பின்னேரம் நான் பூனைக்குப் பால் வைக்க வந்தபோது (பூனை எங்களுடையதுதான் போல) அப்பா குசினி மூலையில் ஒரு வெறும் சாக்கை நாலாக மடித்து நிலத்தில் போடுவதைக் கண்டேன். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மா உள்ளே வந்ததும் அப்பா விளக்குமாற்றில் தடக்கி, இரண்டு கையாலும் நீச்சலடித்து, சாக்கில் போய் விழுந்தார். அம்மா சிரித்தார்.

அன்று தொடங்கி நானும் அந்தக் களவில் பங்காளி. மேசையின் கூரான பக்கத்தில் துணி சுற்றுவது என் வேலை. அம்மா காலையில் சாப்பிடவில்லை, குளியலறையில் கனநேரம் நின்றார் என்றெல்லாம் அப்பாவுக்குத் தகவல் கொடுப்பதும் நான்தான். அம்மா மேலே போன நேரங்களில் அப்பா டெக்கில் படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நிறுத்தி, நடுங்கிக்கொண்டு நிற்கிற அந்த மெலிந்த மனிதரை உற்றுப் பார்ப்பார். தபால் கந்தோர்ச் சோதனைக்குக்கூட இவர் இப்படிப் படித்திருக்க மாட்டார். ஒரு நாள் எனக்குக் காதோடு சொன்னார்: "பிள்ளை, இந்தாள் விழேக்கை தன்னைப் பாக்கிறேல்லை. கையில இருக்கிற சாமானைத்தான் பாக்குது. அதுதான் இவ்வளவு வடிவு."

அப்பா ஏணியால் விழுந்தார். மா வாளிக்குள் கால் வைத்து விழுந்தார். கதவு இல்லாத இடத்தில் கதவில் மோதி விழுந்தார். ஒரு தரம் இடது மணிக்கட்டு வீங்கிப்போய், எண்ணெய் தெறித்தது என்று பொய் சொல்லித் துணி சுற்றிக்கொண்டு திரிந்தார். சாமான் வாங்க வந்த ஒரு அன்ரி அவர் வாளியோடு விழுந்ததைக் கண்ணாடிக்கு வெளியில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டார். அதை நாங்கள் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. அம்மா சிரிக்கிறாரே, அதுதான் எங்களுக்குப் பெரிது. நான் ஒவ்வொரு சிரிப்புக்கும் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு கீறினேன். நூறு கோடு வந்தால் மாமா வந்துவிடுவார் என்று எனக்கு நானே ஒரு தவணை வைத்திருந்தேன்.

இனித்தான் தலைவர் வருகிறார். தலைவர் என்றால் எங்கள் பகுதியில் சனிக்கிழமைகளில் நடக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைவர். நெடிய மனிதர், கோட்டும் கழுத்துப் பட்டியும் இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை. அவருடைய சொல்லுக்கு எங்கள் ஆட்களிடம் அவ்வளவு மதிப்பு. சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கும் வருகிற தாய் தகப்பனுக்கும் சாப்பாடு, வருட முடிவில் கலைவிழாவுக்கும் சாப்பாடு, எல்லாம் எங்கள் கடையில் எடுக்கலாம் என்று ஒரு கதை வந்தது. அது சரிவந்தால் கடை தப்பும். இல்லையென்றால் கோடைக்குள் மூட வேண்டியதுதான். அப்பா இதை என்னிடமே சொல்லியிருந்தார். கடைசி முடிவு சொல்லத் தலைவர் தானே நேரில் வருகிறார் என்றதும் அப்பா முதல் நாளே கண்ணாடியெல்லாம் துடைத்து, சாக்கை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, நாளைக்கு ஒன்றும் இல்லை, கேட்டதா, என்றார். நானும் தலையாட்டினேன்.

பள்ளிக்கூட விடுமுறை நாள் அது. தலைவர் மத்தியானம் வந்தார். அன்றைக்குத்தான் சலவைக்குப் போய் வந்த மண்ணிறக் கோட். அதன் மணம்கூட எனக்கு இப்போதும் வருகிறது. குசினி சுத்தமா என்று பார்க்க நேரே உள்ளுக்கே வந்துவிட்டார். பிள்ளைகள் வருகிற இடம், ஒழுக்கம்தான் முக்கியம், சாப்பாடு அதற்குப் பிறகுதான் என்று நின்றபடியே ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தார். முட்டை அடித்த பெரிய பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி அப்பா ஓம் ஐயா, ஓம் ஐயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து இரண்டாம் தபால் வந்தது. கதவின் கீழால் நீலக் கடுதாசி. அம்மா எடுத்தார். கடைக்கும் குசினிக்கும் நடுவிலிருக்கிற நிலையில் சாய்ந்துகொண்டு பிரித்தார். கடுதாசி சின்னது, வாசிக்க நேரம் எடுக்கவில்லை. வாசித்து முடித்து அதை மடித்தார். பாதியாக, பிறகு அதிலும் பாதியாக, பிறகு மடிக்க முடியாத அளவுக்கு. அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். மார்கழி மாதத்து முகமே தேவலை.

அப்பாவும் பார்த்தார். தலைவரின் கோட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன். விழுங்கோ என்று.

அப்பா விழுந்ததிலேயே அதுதான் பெரிய விழுகை. சாக்கு இல்லை, துணி இல்லை. கால் இரண்டும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டன. கண் முழுக்கப் பாத்திரத்திலேயே இருந்தது. மஞ்சளாய் முட்டை நீளமாக எழும்பி, வளைந்து, தலைவரின் கோட்டின் மேல் அமைதியாக வந்து இறங்கியது. அப்பாவின் தலை ஃப்ரீஸரில் அடித்த சத்தம் கேட்டது. பிறகு எல்லாம் நின்றுபோனது. அப்பா மல்லாக்கக் கிடந்தபடியே அம்மாவைப் பார்த்தார்.

அம்மா சிரித்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு, மடித்த கடுதாசி கைக்குள் இருக்க, பெரிதாக, நீளமாக. செருப்புக்காரர் சுவரில் இரண்டு தரம் தட்டினார்.

தலைவர் கைலேஞ்சியால் கோட்டைத் துடைத்தார். துடைத்துவிட்டுக் குனிந்து அப்பாவின் வாய்க்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனார். நிமிர்ந்து, அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, பட்டப்பகலிலேயோ?"

அப்பா வாயைத் திறந்தார். என்ன சொல்லுவார்? மனைவியைச் சிரிக்க வைக்க வேண்டுமென்றே விழுந்தேன் என்று எங்கள் ஆட்களில் எந்த ஆம்பிளை இன்னொரு ஆம்பிளைக்குச் சொல்லுவான்? அதுவும் அம்மாவுக்கு முன்னால். சொன்னால் இத்தனை நாள் விழுந்ததும் வீண். அப்பா வாயை மூடிக்கொண்டார். பிறகு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா, என்று மட்டும் சொன்னார்.

கதை ஒரு கிழமைக்குள் ஈஸ்ட் ஹாம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மனுசன் பாவிக்கிறவராம். வாயில் மணம் இல்லையே என்று ஒருவர் கேட்டாராம். மணம் இல்லாத சாமான் இந்த நாட்டில் தாராளமாய் இருக்கிறதே என்று இன்னொருவர் விளக்கம் கொடுத்தாராம். வாளியோடு விழுந்ததைக் கண்ட அன்ரியும் சாட்சி சொன்னார். மனைவிக்கே அவரைப் பார்க்கச் சிரிப்பு வருகிறதாம், பாவம் அந்தப் பிள்ளை என்று என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். நல்ல காரியத்துக்குக் குடிகாரன் கையால் பலகாரம் எடுக்க யாருக்கு மனம் வரும்? ஓடர்கள் நின்றன. என் கொப்பியில் அறுபத்துச் சொச்சம் கோடு. அதற்கு மேல் நான் கீறவில்லை. கடுதாசியில் என்ன இருந்தது என்று பிறகு அப்பா சொன்னார். இனித் தேட வேண்டாம் என்று எழுதியிருந்ததாம்.

வைகாசியில் கடையைக் கொடுத்தோம். கண்ணாடிப் பெட்டியை ஒருவர் வந்து தூக்கிக்கொண்டு போனார். ஃப்ரீஸரையும் டிவியையும் டெக்கையும் இன்னொருவர். சாமான் ஏற்றின வான் வெளிக்கிட்ட பிறகுதான் கசெற் டெக்குக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்கு நினைவு வந்தது. கொஞ்ச தூரம் பின்னால் ஓடினேன். செருப்புக்காரர் தன் கடை வாசலில் சுத்தியலோடு நின்று எங்களை வழியனுப்பினார். அப்பா ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் விழவேயில்லை. நடக்கிறபோதுகூட நிலத்தைப் பார்த்துத்தான் நடப்பார்.

நான் தலையாட்டியிருக்காவிட்டால்? இந்தக் கேள்வியை நாற்பது வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்தேன். அப்பாவிடம் கேட்கவில்லை. அவர் போனபின் செத்தவீட்டுக்கு அந்தக் காலத்துப் பெரியவர் ஒருவர் ஊன்றுகோலோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, கொப்பர் கெட்டிக்காரன் பிள்ளை, அந்தப் பழக்கத்தை அடியோட விட்டிட்டார், எல்லாராலும் ஏலாது, என்று மனதாரப் பாராட்டினார். ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர் என் அப்பா. நான் ஓம் என்று தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டத்தானே தெரியும்.

அம்மா இப்போது வால்தம்ஸ்டோவில் என்னோடு இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. போன தை மாதம், பொங்கலுக்கு அடுத்த நாள், மகளிடம் ஏதோ பேச்சில் நுரைப்படத்தைப் பற்றிச் சொன்னேன். சலவைக்கடை, நுரை, மிதக்கிற தொப்பி. அவள் போனில் இரண்டு நிமிடம் விரலால் தடவினாள், அவ்வளவுதான். நாற்பது வருடத்துப் பொருள் கண்முன்னால் வந்து நின்றது. அம்மாவைக் கதிரையில் இருத்தி, காலுக்குப் போர்வை போட்டு, பக்கத்தில் நானும் இருந்து முதலிலிருந்து பார்த்தோம்.

தொடக்கத்தில் ஒரு ரயில் நிலையம். ரயில் வந்து நிற்கிறது, புகை. புகைக்குள்ளிருந்து இராணுவ உடுப்போடு, ஒரு சின்னப் பெட்டியோடு, நமது மெலிந்தவர் இறங்குகிறார். சண்டை முடிந்து வருகிறாராம். ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அவரைக் கட்டிப் பிடிக்கிறாள். குண்டு முதலாளியின் மனைவி அவள். இவர் அவளுடைய தம்பி.

அம்மா போர்வையை விலக்கிவிட்டுத் திரைக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு, தம்பியோ, என்று கேட்டார். ஓம் அம்மா என்றேன். இவ்வளவு நாளும் அது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றார்.

முடிவும் வந்தது. கடுதாசிக்காரக் கனவான் நுரைக்குள் சறுக்கி விழுகிறார், தெருவே கூடி நின்று சிரிக்கிறது, சிரித்த சனமெல்லாம் அடுத்த நாள் ஊத்தை உடுப்பு மூட்டையோடு வரிசையில் நிற்கிறது. கடை தப்பிவிட்டது. அப்பா சொன்ன முடிவுகளில் ஒன்றுகூட இது இல்லை. அப்போதுதான் அம்மாவிடம் சொன்னேன். அப்பா வேண்டுமென்றே விழுந்தவர், நானும் அதற்கு உடந்தை, தலைவர் வந்த அன்றைக்கு விழச் சொல்லித் தலையாட்டினது நான்தான், கடை போனது என்னால்தான்.

அம்மா திரையில் ஓடிய பெயர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியும் பிள்ளை. முதல் நாள் மட்டுந்தான் எனக்கு உண்மையாச் சிரிப்பு வந்தது. பிறகு சாக்கைக் கண்டிட்டன். அவற்ர கையும் வீங்கியிருந்தது. நான் சிரிக்காட்டி இன்னும் பெரிசா விழுந்து எலும்பை முறிச்சுப்போடுவார் எண்டு பயத்தில சிரிச்சனான்."

அப்படியென்றால் இரண்டாவது கடுதாசி வந்த அன்றைக்கு?

"அண்டைக்கும்தான். தம்பி இல்லையெண்டு எழுதிக் கிடக்கு, கையில வைச்சிருக்கிறன். இந்த மனுசன் தலையும் உடைஞ்சு நிலத்தில கிடந்து என்ர முகத்தையே பாத்துக்கொண்டிருக்கு. சிரிக்காமல் நான் என்ன செய்யிறது?"

அம்மா சிரிப்பார் என்று அப்பா விழுந்தார். அப்பா விழுவார் என்று அம்மா சிரித்தார். நடுவில் நின்று நான் கோடு கீறினேன். ஐம்பது தாண்டிய பெண், ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழத் தொடங்கிவிட்டேன். அம்மா என் பக்கம் திரும்பினார். என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, மூச்சை ஒரு தரம் இழுத்து, அந்தப் பழைய பெரிய சிரிப்பைச் சிரித்தார்.

உண்மையாகவா, எனக்காகவா என்று நான் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை எட்டி, சுவரில் இரண்டு தரம் தட்டினேன்.